சித்தாள் கணக்கு

எங்கள் வீட்டு மாடியில் ஒரே ஒரு அறை எழுப்பினோம். 'வீட்டைக் கட்டிப் பார்' என்று பெரியவர்கள் சொன்னது முழு வீட்டுக்கு மட்டுமில்லை, ஒற்றை அறைக்கும் பொருந்தும் என்று அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மேஸ்திரி ஒரு நாற்பது பக்க நோட்டுடன் வந்து வாசல்படியில் உட்காருவார். கொத்தனார் ரெண்டு பேர், பெரியாள் ஒருத்தர், சித்தாள் ஒருத்தர். வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் பெயருக்கு எதிரே ஒரு கோடு. அவர் கூட்டிச் சொல்லச் சொல்ல நான் எண்ணிக் கொடுப்பேன். பதினோரு வாரம் இப்படியே போனது. சிமெண்ட் மூட்டைக் கணக்கில் ஒன்று இடித்தால் நாலு தடவை கேட்டிருக்கிறேன். கூலிக் கணக்கில் ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை.

பன்னிரண்டாவது வாரம் எனக்குக் காய்ச்சல். என் மனைவி போய்ப் பணம் கொடுத்தாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஏங்க, அந்தப் பெரியாளுக்கும் சித்தாளுக்கும் நாளைக்கு இருநூறு ரூபாய் வித்தியாசம் இருக்கே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"எதுக்கு அந்த வித்தியாசம்?"

"அதுதான் ரேட்டு."

"யார் போட்ட ரேட்டு?"

காய்ச்சலில் படுத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் பதில் தெரியவில்லை என்பது உறுத்தியது. போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன். மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"பொம்பளை ஆளு சார். பலம் கம்மி."

அந்தப் 'பலம் கம்மி' அம்மாவை வாரம் முழுக்க நான் பார்த்திருக்கிறேன். தெருவில் கொட்டிக் கிடந்த செங்கல்லை எட்டு எட்டாகத் தலையில் அடுக்கிக்கொண்டு, கைப்பிடி வைக்காத படியில் மாடிக்கு ஏறுவார். ஒரு செங்கல் மூன்று கிலோ பக்கம் வரும். எட்டுக்கு இருபத்து நாலு கிலோ. விமானத்தில் போகும்போது அவ்வளவு எடையுள்ள பெட்டியைச் சக்கரத்தில் உருட்டுவதற்கே நமக்கு மூச்சு வாங்கும். கொத்தனார் கையில் இருந்தது கரணை. அரைக் கிலோ இருக்குமா?

"பலம் கம்மின்னா கனமான வேலையை ஏன் அவங்ககிட்ட குடுத்திருக்கீங்க?"

மேஸ்திரி அசரவில்லை. "கொத்து வேலை தெறமை சார். தூக்குறதுல என்ன தெறமை இருக்கு?"

"சரி, கொத்தனாரை விடுங்க. பெரியாளைச் சொல்லுங்க. அவர் கலவை போடறார். இவங்க அந்தக் கலவையைச் சுமந்துட்டுப் போறாங்க. ரெண்டும் ஒரே மாதிரி வேலைதானே?"

அவர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு சொன்னார்: "காலங்காலமா அப்படித்தான் சார்."

ஐந்து நிமிஷத்தில் மூன்று காரணங்கள். முதலில் பலம், அது நிற்கவில்லை என்றதும் திறமை, அதுவும் நிற்கவில்லை என்றதும் வழக்கம். மேஸ்திரி நல்ல மனிதர், அவரைக் கிண்டல் செய்யவில்லை. இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை என்று பிரித்து வைத்திருக்கிற எந்த ஊருக்குப் போய்க் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், எந்த வேலை யாருடையது என்பதில் மட்டும் எந்த ரெண்டு ஊருக்கும் ஒத்துப்போவதில்லை.

* * *

முதலில் கட்டட வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கட்டுமானத் துறையில் பெண்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். அதிலும் பெரும்பாலோர் ஆபீஸில். சாரத்தின் மேல் நிற்கிற பெண் அபூர்வம். காரணம் கேட்டால் உடல்பலம் என்பார்கள். அங்கே பலம் இல்லை என்று வேலைக்கே சேர்ப்பதில்லை. இங்கே பலம் இல்லை என்று சொல்லிக்கொண்டே சுமையைத் தலையில் ஏற்றிவிட்டு, கூலியை மட்டும் குறைக்கிறோம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹோபி என்று ஒரு பழங்குடி. அவர்களைச் சுற்றி நாலு பக்கமும் நவஹோ என்ற இன்னொரு பழங்குடி. ஒரே வெயில், ஒரே பாலைவனம். ஹோபிகளிடையே தறியில் உட்கார்ந்து நெய்வது மரபுப்படி ஆணின் வேலை. பக்கத்திலேயே இருக்கும் நவஹோக்களிடம் நெசவு பெண்ணின் வேலை. 'நுணுக்கமான வேலை, பெண்ணின் மெல்லிய விரலுக்குத்தான் வரும்' என்று யாராவது ஆரம்பித்தால் ஹோபி ஆண்கள் சிரிப்பார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? காஞ்சிபுரத்தில் பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஆண். நூல் சுற்றித் தருவது வீட்டுப் பெண்கள். அஸ்ஸாமில் தறி என்றாலே பெண்தான்.

அடுத்தது பால். ஐரோப்பாவில் மாடு கறப்பதும் வெண்ணெய் கடைவதும் பல நூற்றாண்டுகளாகப் பெண்களின் வேலை. நம் நீலகிரித் தோடர்களிடம் எருமை கறப்பதும் தயிர் கடைவதும் ஆண்களுக்கு மட்டுமே உரிய காரியம். அவர்களுக்குப் பால்மனைதான் கோயில், அங்கே பால் வேலை செய்பவர்தான் பூசாரி. பெண் உள்ளே நுழையக்கூடாது. அதே மடி, அதே பால். புனிதம் என்று கருதிய இடத்தில் அது ஆணுக்குப் போனது. தினப்படி வீட்டு வேலை என்று கருதிய இடத்தில் பெண்ணுக்குப் போனது.

இதெல்லாம் பழைய கதை, படித்த வேலைகளில் இப்படி இருக்காது என்று நினைப்பீர்கள். டாக்டர் தொழிலைப் பார்ப்போம். சோவியத் யூனியனில் 1950-லேயே நூறு டாக்டர்களில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். இன்றைய லாட்வியாவிலும் எஸ்டோனியாவிலும் அதே அளவுதான். ஜப்பானில் இன்றைக்கும் சுமார் நாலில் ஒருவர்தான் பெண். ஜப்பான் பெண்ணுக்கு மூளை கம்மியா?

2018-ல் பதில் வெளியே வந்தது. டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணை வேண்டுமென்றே குறைத்துப் போட்டது அம்பலமானது. குறைந்தபட்சம் 2006-லிருந்து நடந்திருக்கிறது. கல்யாணம், குழந்தை என்று பாதியில் போய்விடுவார்களாம், ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை வந்துவிடுமாம். விசாரித்தால் வேறு சில கல்லூரிகளும் மாட்டின. அதில் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகம் சொன்ன காரணம் அற்புதம். பதினெட்டு வயதில் பெண்கள் ஆண்களைவிடச் சீக்கிரம் மனமுதிர்ச்சி அடைகிறார்கள், நேர்முகத் தேர்வில் நன்றாகப் பேசிவிடுகிறார்கள், ஆகவே பையன்களுக்கு அநியாயம் ஆகாமல் இருக்கப் பெண்களுக்கு அளவுகோலை உயர்த்தினோம் என்றார்கள்! பெண் குறைவாக இருந்தால் அதனால் வெளியே. அதிகமாக இருந்தால் அதனாலும் வெளியே. முறைகேடு அம்பலமான பின், 2021-ல் ஜப்பானிய மருத்துவக் கல்லூரிகளில் பெண்களின் தேர்ச்சி விகிதம் ஆண்களைச் சற்றே முந்தியது. மூளை எங்கேயும் போகவில்லை, கதவுதான் பூட்டியிருந்தது.

கம்ப்யூட்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்றால் இயந்திரம் இல்லை, உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆள். அந்த வேலையில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். 1946-ல் அமெரிக்காவில் எனியாக் என்ற ராட்சத மின்னணுக் கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்குப் புரோகிராம் அமைத்தவர்கள் ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் உட்பட ஆறு பெண்கள். இயந்திரத்தைக் கட்டுவதுதான் ஆண்களுக்கு உரிய பெரிய வேலை, அதற்குக் கட்டளை எழுதுவது குமாஸ்தா வேலை என்று அன்றைக்கு நினைத்தார்கள். அதனால் அது பெண்களுக்கு வந்தது. வெற்றி விருந்துக்கு அந்த ஆறு பேரையும் கூப்பிடவில்லை.

பிற்பாடு அந்தக் 'குமாஸ்தா வேலை'யில்தான் காசும் கௌரவமும் இருக்கிறது என்று தெரிந்தது. 1984-ல் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கியவர்களில் 37 சதவிகிதம் பெண்கள். கால் நூற்றாண்டு கழித்துப் பார்த்தால் அது பாதியாகிவிட்டது. 'கம்ப்யூட்டர் என்றால் பையன்கள்' என்று அமெரிக்கா நம்ப ஆரம்பித்திருந்த அதே 2000-களில், மலேசியப் பல்கலைக்கழகங்களில் கம்ப்யூட்டர் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். காரணம்? வெயிலில் அலைய வேண்டாம், அறைக்குள் உட்கார்ந்து செய்கிற பத்திரமான வேலை, பெண்ணுக்கு ஏற்றது. நம் ஊரில் மட்டும் என்ன? ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வீட்டில் காது கொடுத்துக் கேளுங்கள். "மெக்கானிக்கலா? பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கும்மா அது? ஐ.டி. எடுத்துக்க, ஏ.சி.யில உக்காந்து வேலை பாக்கலாம்" என்று ஒரு பெரியப்பாவாவது சொல்லியிருப்பார். எந்த அறைக்குள் இருப்பதால் அமெரிக்காவில் அது பையன் வேலையோ, அதே அறைக்குள் இருப்பதால் இங்கே அது பெண் வேலை.

* * *

இவ்வளவையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. பிரிவினை முதலில் வருகிறது. காரணம் பின்னால் கூப்பிட்டு வரப்படுகிறது, கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கிற மாதிரி.

ஆண், பெண் உடம்பில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சராசரியில் ஆணுக்குத் தோள்பலம் அதிகம். பிள்ளை பெறுவது பெண். இதெல்லாம் உண்மை. ஆனால், இந்த உண்மையை வைத்துக்கொண்டு ஹோபி ஆண் ஏன் நெய்கிறான், நவஹோ பெண் ஏன் நெய்கிறாள் என்று சொல்ல முடியாது.

சரி, ஊருக்கு ஊர் மாறட்டும், அதனால் என்ன? வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது பாவமா? நீ சமை, நான் தண்ணீர் எடுக்கிறேன் என்பதில் என்ன அநியாயம்?

நியாயமான கேள்வி. பங்கு போட்டதில் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். பங்கு போட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பல சமூகங்களோடு வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் மார்கரெட் மீட் 1949-லேயே இதைக் கவனித்து எழுதினார். சமைப்பதோ, நெய்வதோ, என்ன வேலையாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆண் செய்கிற இடத்தில் ஊர் அதை முக்கியம் என்கிறது, பெண் செய்கிற இடத்தில் அவ்வளவு முக்கியமில்லை என்கிறது. அவர் சொன்னதன் சாரம் இதுதான். நம் வீட்டில் தினமும் சமைப்பவள் அம்மா. கல்யாண வீட்டில் காசு வாங்கிச் சமைத்து 'தலைமைச் சமையல்காரர்' என்று பேர் வாங்குபவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இது வெறும் கௌரவப் பிரச்னையாக இருந்தாலாவது பரவாயில்லை, பையிலும் கை வைக்கிறது. அஸாஃப் லெவனான், போலா இங்கிலாந்து, பால் ஆலிசன் என்ற மூன்று சமூகவியலாளர்கள், 1950-லிருந்து 2000 வரைக்குமான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2009-ல் வெளியானது. அவர்கள் கேட்டது கோழியா முட்டையா மாதிரி கேள்வி. சம்பளம் குறைந்த வேலைக்குப் பெண்கள் போகிறார்களா? அல்லது பெண்கள் போவதால் சம்பளம் குறைகிறதா? படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். இரண்டாவதற்குத்தான் சான்று கிடைத்தது. ஒரு தொழிலில் பெண்கள் கூடக் கூட, அந்தத் தொழிலின் சம்பளம் பின்னுக்குப் போகிறது. வேலை அதேதான், செய்கிற ஆள்தான் மாறியது.

சோவியத் டாக்டரம்மாக்களின் கதையையும் முழுசாகச் சொல்ல வேண்டும். எழுபது சதவிகிதம் பெண்கள் என்றதும் கைதட்டத் தோன்றுகிறது. ஆனால், ஒரு சோவியத் டாக்டரின் சம்பளம் தொழிற்சாலைத் தொழிலாளியின் சராசரியைவிடக் குறைவு. இரும்பும் இயந்திரமும் செய்கிறவனுக்குத்தான் முதல் மரியாதை என்ற அரசாங்கக் கொள்கையும் இதற்கு ஒரு காரணம். அந்தக் குறைந்த சம்பளத் தொழிலுக்குள்ளேயும் மேலிடத்தில், பெரிய ஆஸ்பத்திரித் தலைவர்களாகவும் அறுவைசிகிச்சை நிபுணர்களாகவும் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். கதவு திறந்திருந்தது, மாடிப்படி இல்லை.

* * *

இங்கிலாந்தில் டேகன்ஹாம் என்ற ஊரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை. 1968-ல் அங்கே காரின் இருக்கை உறைகளைத் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் 187 பேர். நிர்வாகம் எல்லா வேலைகளையும் தரம் பிரித்தபோது, தையலைத் திறமை குறைந்த வேலைகளுக்கான 'பி' பிரிவில் போட்டது. அந்தப் பிரிவிலும் ஆணுக்குக் கொடுத்ததில் 85 சதவிகிதம்தான் பெண்ணுக்கு. வேலைக்கு எடுக்கும்போது மட்டும் தையல் தெரியுமா என்று சோதித்துப் பார்த்துத்தான் எடுத்தார்கள்!

ஜூன் மாதம் பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். உறை இல்லாமல் இருக்கை இல்லை, இருக்கை இல்லாமல் கார் இல்லை. தொழிற்சாலை நின்றது. மூன்று வாரம் கழித்து ஆண்களின் கூலியில் 92 சதவிகிதம் என்று சமாதானம் ஆனது. அந்த வேலைநிறுத்தத்தின் விளைவாகத்தான் 1970-ல் பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால், அவர்கள் முதலில் கேட்டது வேறு: எங்கள் வேலை திறமையான வேலை என்று எழுது. அதை எழுத வைக்க இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. அது நடந்தது 1984-ல். பணத்தைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், 'திறமை' என்ற சொல்லைக் கொடுக்க மட்டும் பதினாறு வருஷம் ஆகியிருக்கிறது.

இந்தியாவிலும் சம ஊதியச் சட்டம் 1976-ல் வந்துவிட்டது. பிறகு 2019-ல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அதைச் சேர்த்தார்கள். ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்கிறது சட்டம். மேஸ்திரி நோட்டு சட்டத்தை மீறுகிறதா? அங்கேதான் சாமர்த்தியம். ரெண்டு பேரும் ஒரே வேலை செய்வதாக நோட்டு ஒப்புக்கொள்வதே இல்லை. ஒருத்தர் பெரியாள், இன்னொருத்தர் சித்தாள். சின்ன ஆள் என்பதுதான் சித்தாள். பெயரிலேயே கூலியைக் குறைத்தாகிவிட்டது. சட்டம் உள்ளே வருவதற்குள் தமிழ் முந்திக்கொண்டது.

* * *

நீங்கள் கேட்க நினைக்கிற கேள்வி எனக்குத் தெரியும். எல்லாக் கதவையும் திறந்துவிட்ட நாடுகள் இருக்கின்றனவே, அங்கே எப்படி? ஸ்வீடன், நார்வே, டென்மார்க் போன்ற இடங்களில் பெண்ணை யாரும் தடுப்பதில்லை. படிப்பு இலவசம், பிள்ளை பெற்றால் அப்பாவுக்கும் லீவு. ஆனாலும் அங்கே நர்ஸ்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேர் பெண்கள். சுதந்திரம் கொடுத்த பிறகும் தானாகவே பிரிந்துகொள்கிறார்கள் என்றால், அது அவரவர் விருப்பம்தானே? அதில் நமக்கென்ன?

இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். பாதிக்குப் பாதி என்று தலையை எண்ணி வேலைகளைப் பிரித்துத் தர வேண்டும் என்று நினைப்பவன் இல்லை நான். ஒரு பெண் நர்ஸாகத்தான் ஆவேன் என்றால் அவள் இஷ்டம். எவனாவது லாரிதான் ஓட்டுவேன் என்றால் அவன் இஷ்டம். ஆனால், விருப்பத்துக்கு அபராதம் உண்டா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

டென்மார்க்கில் 2021-ல் நர்ஸ்கள் பத்து வாரம் போல வேலைநிறுத்தம் செய்தார்கள். பாராளுமன்றம் சட்டம் போட்டுத்தான் அதை முடித்து வைத்தது. அவர்கள் சுட்டிக்காட்டியது 1969-ல் அரசு ஊழியர்களின் சம்பளத்தைப் படிப்படியாக அடுக்கி வைத்த ஒரு சீர்திருத்தத்தை. நர்ஸ், குழந்தைப் பராமரிப்பு மாதிரி, பெண்கள் நிறைந்த வேலைகளெல்லாம் அன்றைக்குக் கீழ்ப் படிகளில் வைக்கப்பட்டன. குடும்பத் தலைவன் சம்பாதிப்பான், இவள் கூடுதலாக ஏதோ கொண்டுவருவாள் என்ற காலத்துக் கணக்கு அது. அரை நூற்றாண்டு போய்விட்டது, கணக்கு மட்டும் போகவில்லை என்றார்கள். உலகத்திலேயே சமத்துவமான நாடுகளில் ஒன்று அது. அங்கேயும் ஒரு மேஸ்திரி நோட்டு இருந்திருக்கிறது. கொஞ்சம் நல்ல அட்டை போட்டது, அவ்வளவுதான்.

ஆக, தானாக விரும்பிப் பிரிந்தாலும் சரி, தள்ளிப் பிரித்தாலும் சரி, ஒரு பக்கம் மட்டும் விலை குறைகிறது. அந்த விலையைத் தெரிந்துகொண்டேதான் அடுத்த தலைமுறைப் பெண்ணும் பையனும் தேர்ந்தெடுக்கிறார்கள். பையன்கள் ஏன் நர்ஸிங் பக்கம் வருவதில்லை என்பதற்கும் இதில் பாதி பதில் இருக்கிறது.

பெண்களின் வேலைக்கு என்ன விலை என்று ஒரு நாடே ஒருநாள் தெரிந்துகொண்டது. 1975 அக்டோபர் 24. ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறக்குறைய 90 சதவிகிதம் பேர் அன்றைக்கு ஆபீஸிலும் சரி, வீட்டிலும் சரி, எந்த வேலையும் செய்யவில்லை. மீன் தொழிற்சாலைகள் மூடின. டெலிபோன் எடுக்க ஆளில்லை. பள்ளிக்கூடங்கள் நடக்கவில்லை. அப்பாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆபீஸ் போனார்கள். சட்டென்று சமைக்கக்கூடியது என்பதால் கடைகளில் சாஸேஜ் தீர்ந்துபோனது. அடுத்த வருஷமே அங்கே ஆண் - பெண் சமத்துவச் சட்டம் வந்தது. 1980-ல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்ற பெண்மணியை மக்கள் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றாடம் கண்ணில் படாத வேலை, நின்ற அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

* * *

எங்கள் மாடிக்கு வருகிறேன். அந்த வாரமே ரெண்டு பேருக்கும் ஒரே கூலி கொடுத்தேன். மேஸ்திரி தடுக்கவில்லை.

"உங்க காசு சார், குடுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ரேட்டுன்னா நான் எதுக்கு சார் பொம்பளை ஆளைக் கூட்டிட்டு வரணும்? ரெண்டும் ஆம்பளையாவே கூட்டிட்டு வந்துடுவேன்ல?"

இந்தக் கேள்வி என்னைப் படுத்தி எடுத்தது. நியாயம் என்று நினைத்து நான் கொடுக்கிற இருநூறு ரூபாய், அந்த அம்மாவின் வேலைக்கே உலை வைத்துவிடுமோ? அவருக்குத் திறந்திருக்கிற ஒரே கதவு இந்த மலிவான கதவுதான். அதையும் மூடிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கலாமா?

ரெண்டு நாள் யோசித்ததில் இவ்வளவுதான் தோன்றியது. கூலியை மட்டும் உயர்த்தினால் ஆள் மாறும். கதவை மட்டும் திறந்தால், சோவியத் டாக்டர் மாதிரி, உள்ளே வந்த பிறகு விலை குறையும். ரெண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். சுமைக்கு உரிய கூலியும் வேண்டும், கரணையும் கைக்கு வர வேண்டும். ஜார்க்கண்டில் கழிப்பறைகள் கட்ட ஆள் போதாமல் கிராமத்துப் பெண்களுக்கே கொத்து வேலை சொல்லிக்கொடுத்தார்கள். இந்தியில் கொத்தனாருக்கு 'ராஜ் மிஸ்திரி' என்று பேர். பெண்ணைக் குறிக்கச் சொல்லே இல்லாததால் 'ராணி மிஸ்திரி' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். தமிழில் கொத்தனாருக்குப் பெண்பால் என்ன? எனக்குத் தெரிந்து நாம் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

அந்த அம்மாவிடமே கேட்டேன். "நீங்க கொத்து வேலை கத்துக்கலாமே?"

சிரித்தார். "எங்க வீட்டுச் சுவர் பூராவும் நான் பூசினதுதான் சார். பதினெட்டு வருஷமா பாத்துக்கிட்டே இருக்கேன், வராதா? யாரு சார் கரணையைக் கையில குடுப்பாங்க?"

மேஸ்திரி காதிலும் அது விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாடிக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தை அந்த அம்மாவைப் பூசச் சொன்னார். "வெளிப்பக்கம் வேணாம், தெருவுல போறவன் பாப்பான்" என்றார். பூச்சு நன்றாகவே இருக்கிறது. தெருவில் போகிறவன் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

அப்புறம் அந்தப் பழைய பதினோரு வாரம். மேஸ்திரியிடம் நோட்டை வாங்கி உட்கார்ந்து எண்ணினேன். வாரத்துக்கு ஆறு நாள், அறுபத்தாறு கோடு இருக்க வேண்டும். ரெண்டு நாள் அவர் வரவில்லை. அறுபத்து நாலு கோடு. நாளைக்கு இருநூறு என்றால் 12,800 ரூபாய். கொடுத்தால் இது தானமா, கடனா? அன்றைய ரேட்டு அதுதான், நான் யாரையும் ஏமாற்றவில்லை என்று ஒரு மனசு சொன்னது. என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். "மளிகைக் கடைக்காரர் கூட்டலில் தப்பு விட்டது பதினோரு மாசம் கழிச்சுத் தெரிஞ்சா, நீங்க திருப்பிக் கேப்பீங்களா மாட்டீங்களா?"

ரெண்டு தவணையாகக் கொடுத்தேன். அந்த அம்மா பணத்தை எண்ணிவிட்டு மேஸ்திரி நோட்டை நீட்டினார்.

"பாக்கின்னு இதுல எழுதிக் குடுங்க சார். சும்மா குடுத்தீங்கன்னு யாரும் பேசிடக் கூடாது."

எழுதிக் கொடுத்தேன்.

அறை முடிந்துவிட்டது. அதே ஆட்கள் இப்போது ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வேலை செய்கிறார்கள். காலையில் நடக்கப் போகும்போது அந்த அம்மா தலையில் செங்கல்லோடு சாரத்தில் ஏறுவதைப் பார்க்கிறேன். அங்கே அவருக்கு என்ன ரேட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.